ஜோர்டன் லேக்: நீச்சல், தூண்டில், படகு மூன்றும் ஒரே நாளில் முடியுமா?

முகிலன்_மோரிஸ்வில்

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலை 4 விடுமுறைக்கு இங்கே நார்த் கரோலினாவில் உள்ள ஜோர்டன் லேக் ஏரிக்குப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இத்தனை வருடம் 64-ஆம் நெடுஞ்சாலையில் பாலத்தைக் கடந்து போனதோடு சரி, இறங்கிப் பார்த்ததில்லை. அப்பா வைகை அணைப் பக்கத்து ஆள், தூண்டிலோடு வளர்ந்தவர். தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும். பையனுக்கு 10 வயது, குளத்தில் (அபார்ட்மெண்ட் பூல்தான்) நன்றாக நீந்துவான். பெண்ணுக்கு 5, கையில் மாட்டும் காற்று வளையம் இல்லாமல் இறங்கமாட்டாள். எனக்கு ஒரு பாண்டூன் படகு (மிதவைகள்மேல் தட்டையான தளம் கொண்ட மோட்டார் படகு) எடுத்து ஓட்ட ஆசை.

ஒரே நாளில் மூன்றையும் முடிக்க எந்தப் பக்கம் போகலாம்? மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும் என்கிறார்கள், விருந்தினராக வந்தவருக்குமா? போனவர்கள் விவரம் சொல்லுங்கள்.

தூண்டில்காரன்

அப்பாவுக்கு அதிர்ஷ்டம். நார்த் கரோலினாவில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஜூலை 4 அன்று, யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போடலாம். உள்ளூர், வெளியூர், வெளிநாடு என்ற பேதமில்லை. மற்ற நாட்களில் 16 வயது ஆன எல்லோருக்கும் லைசென்ஸ் கட்டாயம். கரையில் உட்கார்ந்து மண்புழு போட்டாலும் கட்டாயம்தான். "சும்மா பொழுதுபோக்குக்குத்தானே" என்று சோதிக்க வரும் வனவிலங்குத் துறை அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

இலவசம் லைசென்ஸ் மட்டும்தான், கவனம். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்ற வரம்பெல்லாம் அன்றைக்கும் உண்டு. இன்னொன்று, ஊர்ப் பழக்கத்தில் அப்பா வீச்சுவலை கேட்பார். பாஸ், கிராப்பி, ப்ளூகில் மாதிரி கேம் ஃபிஷ் என்று பட்டியலில் உள்ளவற்றை இங்கே தூண்டிலில்தான் பிடிக்க வேண்டும், வலையில் விழுந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் மனக்கசப்பு வேண்டாம்.

பாண்டூன் பாலா

ஜூலை 4-இல் முதல் முறை படகு ஓட்டப் போகிறீர்களா? வேண்டாம் ப்ரோ. நான் படகுப் பைத்தியம், நானே சொல்கிறேன். அன்றைக்கு ஏரியில் படகு இல்லாத இடம் கிடையாது. வேகப்படகு, ஜெட் ஸ்கீ, பின்னால் ட்யூப் கட்டி இழுப்பவர்கள், எல்லாரும் எழுப்பும் அலை நாலு பக்கமிருந்தும் வந்து மோதும். இறக்குமிடத்தில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும்.

அப்புறம் சட்டம். 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர், 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் படகை ஓட்ட வேண்டுமானால் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே படிக்கலாம், ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும். நீங்கள் எந்தப் பக்கம்?

முகிலன்_மோரிஸ்வில்

நான் பிறந்தது 86-இல். தப்பித்தேன்!

பாண்டூன் பாலா

சட்டத்திலிருந்து தப்பித்தீர்கள், அடிமரத்திலிருந்து தப்ப முடியாது. இது ஆழமான மலை ஏரி இல்லை. சராசரி ஆழம் ஏறக்குறைய 14 அடிதான். ஓடை வாய்களில் மரக்கட்டையும் மணல்திட்டும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். வாடகைக்கு எடுத்த படகின் புரொப்பெல்லர் அடிபட்டால் முன்பணம் போச்சு. எனக்குத் தெரிந்த குடும்பத்துக்கு ஒரு வாடகைக் கடையில் அப்படித்தான் ஆனது. ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் சேர்த்துப் பில் போட்டார்கள். படகைக் கையில் வாங்கும்போதே நாலு பக்கமும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையான்

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்களே! நாமெல்லாம் ஆற்றிலும் கிணற்றிலும் குதித்து நீச்சல் பழகியவர்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டார்கள், பழகினோம். இது தேங்கி நிற்கிற தண்ணீர், சுழல் கிடையாது, இழுப்பு கிடையாது. பையனை இறக்கிவிடுங்கள், தானே கற்றுக்கொள்வான்.

கவிதா_கேரி

காவிரிக்கரையான் அண்ணா, கிணற்றில் உங்களைத் தள்ளியபோது மேலே எத்தனை பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்? இங்கே நிற்பவர்கள் அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் வித்தியாசம்.

முகிலன், ஜோர்டன் லேக் நீச்சல் கரைகளில் லைஃப்கார்டு கிடையாது. எந்தக் கரையிலும் கிடையாது. பலகை வைத்திருப்பார்கள், நாம் படிக்காமல் தாண்டிப் போவோம். பூலில் நீந்துகிற பிள்ளைக்குத் தரை தெரியும், சுவர் தெரியும், பத்தடியில் பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்கும். இங்கே தண்ணீர் பழுப்பு நிறம். இடுப்பளவு ஆழத்தில் நின்றால் உங்கள் பாதம் உங்களுக்கே தெரியாது. கலங்கல் தண்ணீரில் ஒரு பிள்ளை அடியில் போய்விட்டால் இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. எனக்குப் பெரிய பயம் அதுதான், சுழல் இல்லை. முழுகுகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்?

மகளின் கைவளையத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் சாதனம் அல்ல. கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) அங்கீகரித்த லைஃப் ஜாக்கெட் என்று உள்ளே அச்சிட்டிருக்கும், அதை அவள் எடைக்குச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். காற்று ஊதிய மெத்தை, அன்னம், ஃப்ளமிங்கோ இதெல்லாம் மதியத்துக்கு மேல் காற்றடித்தால் நீச்சல் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போய்விடும். பின்னாலேயே யாராவது பெரியவர் நீந்திப் போவார். விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கால் மணி நேரத்துக்கு ஒருவர் காவல். அவர் கையில் போன் இருக்காது, தட்டு இருக்காது, அவரோடு யாரும் பேசக் கூடாது. பிரியாணி எவ்வளவு வாசமாக இருந்தாலும் முறை முடிந்த பிறகுதான்.

காவிரிக்கரையான்

காவல் போடுவது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படியே பயந்தால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது என்று ஆகிவிடும். கயிற்றுக்குள் விடுங்கள், கூடவே நீங்களும் இறங்குங்கள். கரையில் நாற்காலி போட்டு உட்காருவதற்கா அவ்வளவு தூரம் போகிறோம்?

கவிதா_கேரி

"கூடவே நீங்களும் இறங்குங்கள்" என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. 5 வயதுக்காரிக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே நிற்க வேண்டும்.

ஏபெக்ஸ் தாத்தா

இங்கே குடியேறி நெடுநாள் ஆனவன் என்ற உரிமையில் கொஞ்சம் பழங்கதை. பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.

இது இயற்கை ஏரி இல்லை. 1945 செப்டம்பரில் வந்த புயல் மழையில் கேப் ஃபியர் ஆறு பெருகி, கீழே ஃபயட்வில் பக்கம் பெரும் சேதம். அதற்குப் பிறகுதான் மேலே ஓர் அணை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1963-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதல், 1967-இல் வேலை தொடக்கம். முதலில் நியூ ஹோப் லேக் என்றுதான் பெயர். 1973-இல் செனட்டராக இருந்த பி. எவரெட் ஜோர்டன் பெயரை வைத்தார்கள். நடுவில் வழக்கு, தாமதம் எல்லாம் இருந்தது. 1982 தொடக்கத்தில்தான் நிரம்பியது. பண்ணைகள், வீடுகள், சாலைகள் இருந்த பள்ளத்தாக்கு இது. பாலா சொன்ன அடிமரம் அப்படி வந்ததுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அணை ராணுவப் பொறியாளர் படையின் கையில். அவர்களுக்கு முதல் வேலை வெள்ளத் தடுப்பு, நம் பிக்னிக் அல்ல. சாதாரணமாகக் கடல்மட்டத்துக்கு மேல் 216 அடியில் நீர்மட்டத்தை வைத்திருப்பார்கள், அப்போது பரப்பு 13,940 ஏக்கர். மேலே பர்லிங்டன், கிரீன்ஸ்பரோ பக்கம் கொட்டினால் அந்தத் தண்ணீரெல்லாம் ஹா ஆற்றில் இங்கே வந்து சேரும். கீழே ஊர்கள் மூழ்காமலிருக்க மதகைக் குறைத்துவிட்டு இங்கே தேக்குவார்கள். நம் ஊரில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது, ஏரி பல அடி உயர்ந்து மணல்கரையும் மேசைகளும் தண்ணீருக்குள் போயிருக்கும். 2025 ஜூலையில் சாந்தல் புயலின் மழையில் ஹா ஆறு எப்படிப் பெருகியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் பார்க் இணையதளத்தில் எந்தக் கரை மூடியிருக்கிறது என்று பாருங்கள். மழை வெள்ளம் வந்த சில நாட்களுக்குத் தண்ணீரில் மரம், குப்பை, கிருமி எல்லாம் கலந்திருக்கும். அப்போது நீச்சலே வேண்டாம்.

முகிலன்_மோரிஸ்வில்

அருமையான விவரம் ஐயா. எந்த வாசல் வழியாகப் போவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை!

ஏபெக்ஸ் தாத்தா

நீச்சலுக்கு சீஃபோர்த் அல்லது எபனேசர் சர்ச். இரண்டிலும் மணல்கரை, நிழல் மேசை, கழிப்பறை, படகு இறக்குமிடம் எல்லாம் உண்டு. பார்க்கர்ஸ் கிரீக்கும் நல்லதுதான். கேம்ப்கிரவுண்டுக்குள் இருக்கும் சில கரைகள் கூடாரம் போட்டவர்களுக்கு மட்டும், அங்கே போய் வாசலில் வாதாட வேண்டாம். ஜூலை 4 அன்று காலையிலேயே வண்டிகள் நிரம்பி வாசலை மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு 12 மணிக்குப் போகிற நம்மவர் வழக்கம் அங்கே செல்லாது. வாசல் திறக்கும்போது நிற்க வேண்டும்.

மட்டுநகர்ப் பெடியன்

வணக்கம். நான் மட்டக்களப்பு, வாவிக்கரையில் வளர்ந்தவன். இங்கே வந்ததிலிருந்து கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுதான் என் பொழுதுபோக்கு. மோட்டார் படகைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள். பையனுக்குப் பத்து வயது என்றால் இரண்டு பேர் இருக்கும் கயாக் ஒன்றை எடுத்துக்கொண்டு காலமை ஏழு, எட்டு மணிக்கு ஓடைப்பக்கமாகத் துடுப்புப் போட்டுப் பாருங்கள். காற்று எழும்ப முன்னம் தண்ணீர் அசையாது. வெண்தலைக் கழுகுகள் இந்த ஏரியில் நிறைய, கோடையில் பார்க்காமல் திரும்புவதுதான் கஷ்டம். பின்னேரம் மட்டும் நடு ஏரிக்குப் போகாதீர்கள். காற்றும் படகலையும் சேர்ந்து வந்தால் கரைக்குத் திரும்பக் கை கழன்றுவிடும்.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓடுகிற படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், இது மாநிலச் சட்டம். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். கயாக் கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் நின்று அதை மாட்டிப் பாருங்கள், அப்போது விளங்கும். எல்லோருமே போட்டுக்கொள்ளுங்கள்.

சுதா_ஹாலி ஸ்பிரிங்ஸ்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மூளையைத் தின்னும் அமீபா ஏரியில் இருக்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் கோடையில் ஒரு பதிவு சுற்றும். உண்மையா? இதனாலேயே என் மாமியார் பிள்ளைகளை விடமாட்டேன் என்கிறார்.

கவிதா_கேரி

உண்மைதான், ஆனால் அளவு தெரிய வேண்டும். நேக்லேரியா ஃபவுலரி என்று பெயர். வெதுவெதுப்பான நன்னீரில், இந்த ஏரி என்றில்லை, தெற்கத்திய ஏரிகள் எதிலும் இருக்கலாம். அமெரிக்கா முழுவதும் 1962 முதல் 2023 வரை பதிவான தொற்றுகள் 164. அதில் பிழைத்தவர்கள் 4 பேர் மட்டுமே, அதனால்தான் செய்தி அவ்வளவு பயங்கரமாகப் பரவுகிறது. தண்ணீரைக் குடித்தால் வராது, மூக்கு வழியாக மேலே ஏறினால்தான். கடும் வெயிலில் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்வது, அடியில் உள்ள சேற்றைக் கிளறுவது, இந்த இரண்டையும் தவிர்த்து மூக்குக் கிளிப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். உங்கள் மாமியார் பயப்பட வேண்டியது மூழ்குவதைப் பற்றி. நாட்டில் வருடந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் மூழ்கி இறக்கிறார்கள், அதற்கு யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

பாசியைக் கவனியுங்கள். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் மேலே மிதந்தால் அது நச்சு கக்கக்கூடிய சயனோபாக்டீரியாவாக இருக்கலாம், பிள்ளைகளும் நாயும் இறங்கக் கூடாது.

ஏபெக்ஸ் தாத்தா

பாசி இந்த ஏரியின் கூடப்பிறந்த நோய். டர்ஹாம், கிரீன்ஸ்பரோ வரை உள்ள நகரங்களின் கழிவுநீரும் புல்வெளி உரமும் இங்கேதான் வந்து சேருகின்றன. நிரம்பிய மறு வருடமே, 1983-இல், ஊட்டச்சத்து மிகுந்தால் பாசி பிடித்துக் கெடக்கூடிய நீர்நிலை என்று அரசு அறிவித்துவிட்டது. 2009-இல் ஏரிக்கென்று விதிகள் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துவதை ஒத்திப்போட்டுவிட்டு, 2014-இல் சோலார்பீ என்ற சூரிய மின்சாரக் கலக்கிகள் 36-ஐ மிதக்கவிட்டார்கள். தண்ணீரைக் கலக்கினால் பாசி வளராதாம்! பலனில்லை என்று 2016-இல் எடுத்துவிட்டார்கள். சட்டியைத் துடைக்காமல் கரண்டியைச் சுழற்றிய கதை. சிரிக்காதீர்கள், கேரி, ஏபெக்ஸ், மோரிஸ்வில் வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவது சுத்திகரித்த இந்த ஏரித் தண்ணீர்தான்.

காவிரிக்கரையான்

அதான் எங்கள் வீட்டுக் காபி இப்படி இருக்கிறதா?

ஏபெக்ஸ் தாத்தா

காபிக்குத் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள், தம்பி.

முகிலன்_மோரிஸ்வில்

மீன் சமாசாரத்துக்கு வருவோம். ஜூலையில் என்ன கிடைக்கும்? பிடித்ததைக் குழம்பு வைக்கலாமா? அப்பா புளி, மாங்காய் வரை யோசித்துவிட்டார்.

தூண்டில்காரன்

ஜூலை வெயிலில் நடுப்பகல் கரைத் தூண்டில் வீண். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், பெரிய மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். கிராப்பிக்கு மார்ச், ஏப்ரல்தான் காலம், முட்டையிடக் கரையோரம் வரும்போது. டாக்வுட் மரம் பூத்தால் கிளம்பு என்பார்கள் இங்குள்ள பெரியவர்கள். அதே சமயத்தில் வைட் பாஸ் ஹா ஆற்றில் ஏறும். அதெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு இரண்டு வழி. விடியற்காலையில் ப்ளூகில், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மீன் கிடையாது. சின்ன முள், தக்கை, ஒரு துண்டு மண்புழு, மரநிழல் விழும் கரை. பெரிய முள் போட்டால் புழுவைக் கொத்திக்கொண்டு போய்விடும், மாட்டாது. இரண்டாவது, சாயங்காலம் கெளுத்தி. ஈயக்குண்டு கட்டித் தரையில் கிடக்கவிட்டுக் கோழி ஈரல் அல்லது வெட்டிய மீன் துண்டு. இங்குள்ள நீலக் கெளுத்தி பெரிதாக வளரும், மெல்லிய தங்கூஸ் அறுந்துவிடும், அப்பாவிடம் சொல்லிவையுங்கள். மதகுக்குக் கீழே டெயில்ரேஸ் என்று ஓர் இடம், அங்கே மீன் அதிகம், ஆனால் தண்ணீர் திறந்துவிட்டால் வேகம் எகிறும், பாறை வழுக்கும். பிள்ளைகளோடு அங்கே வேண்டாம்.

குழம்பு விஷயம். லார்ஜ்மவுத் பாஸில் பாதரசம் சேரும் என்று மாநில சுகாதாரத் துறை எச்சரிக்கை வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கர்ப்பமாக வாய்ப்புள்ள வயதுப் பெண்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதைச் சாப்பிடவே கூடாது, மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் கூடாது. வயதான பெரிய மீனில் சேர்மானம் அதிகம். நான் பாஸைத் திரும்ப விட்டுவிடுவேன், ப்ளூகிலைத்தான் வறுவல் போடுவேன், முள் அதிகம், சுவையும் அதிகம். நீச்சல் கரைப் பக்கம் மட்டும் தூண்டில் வீசாதீர்கள். அறுந்த முள் மணலில் கிடந்தால் யார் காலிலோ ஏறும்.

பாண்டூன் பாலா

படகை மறந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன். வேறொரு வாரநாளில் எடுங்கள். இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். இன்ஜின் ஓடும்போது பின்பக்கப் படிக்கட்டில் பிள்ளைகளைத் தொங்கவிடாதீர்கள். புரொப்பெல்லர் ஒரு பக்கம், அதைவிடக் கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லாத புகை, தண்ணீர் மட்டத்தில் தேங்கி நிற்கும், மயங்கியவர் அப்படியே நழுவிவிடுவார். திறந்த வெளியில் எப்படி என்று கேட்பார்கள், ஆனால் நடக்கிறது. அடுத்தது, ஓட்டுபவர் இடுப்பிலோ ஜாக்கெட்டிலோ மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு. 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமெடுக்கும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதி. ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜின் அணையும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும்.

மதியம் இடி கேட்டால் மறு யோசனை வேண்டாம், கரைக்குத் திருப்புங்கள். ஜூலையில் மூன்று, நான்கு மணிக்கு வானம் கறுப்பது இங்கே சகஜம்.

முகிலன்_மோரிஸ்வில்

சரி, வீட்டில் பேசிவிட்டேன். ஜூலை 4 அன்று வாசல் திறக்கும்போதே சீஃபோர்த். முதலில் அப்பாவும் பையனும் தூண்டில், வெயில் ஏறுவதற்குள் நீச்சல், கவிதா அக்கா சொன்ன காவல் முறையோடு. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கூட்டம் நெரிக்கும் முன் வீடு. படகு அடுத்த வாரம் புதன்கிழமை, லீவு போட்டாச்சு. அம்மா "அன்னைக்கே நான் சொன்னேனே" என்கிறார்.

ஒரு சந்தேகம். புதன்கிழமை படகிலிருந்து அப்பா தூண்டில் போட ஆசைப்படுவார். அவருக்கு 68. முதியோருக்குச் சலுகை லைசென்ஸ் உண்டா?

தூண்டில்காரன்

அந்தச் சலுகை இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் வந்தவருக்கு வெளிமாநிலத்தவர் லைசென்ஸ்தான், அதில் 10 நாள் செல்லுபடியாகும் வகை இருக்கிறது. வைல்ட்லைஃப் கமிஷன் தளத்திலேயே எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் தேதியைச் சரியாகப் போடுங்கள். மண்புழுவை 3-ஆம் தேதியே வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலே என்ன டப்பா என்று பெரிதாக எழுதி.

முகிலன்_மோரிஸ்வில்

ஃபிரிட்ஜில் புழுவா! அதற்கு அம்மாவிடம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.